செயற்கைக்கோள் ஓசோன் தரவு: புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

எந்தச் செயற்கைக்கோளும் ஓசோனை நேராகப் பிடித்து எடை போடுவதில்லை. அதற்குக் கிடைப்பது ஒளி மட்டுமே. சூரியனிலிருந்து வந்து காற்றைக் கடந்து, மேகத்திலோ கடலிலோ பனியிலோ பட்டு மேலே திரும்பும் ஒளியில் எந்த அலைநீளம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று கருவி குறித்துக்கொள்கிறது. அந்தக் குறைவை வைத்து, வழியில் இவ்வளவு ஓசோன் இருந்திருக்க வேண்டும் என்று தரையிலுள்ள கணினி கணக்குப் போட்டுச் சொல்கிறது. உங்கள் கைக்கு வரும் எண் அந்தக் கணக்கின் விடை. சூரியன் எவ்வளவு உயரத்தில் இருந்தது, கீழே மேகம் இருந்ததா, கருவி எந்தக் கோணத்தில் பார்த்தது என்பவை எல்லாம் அந்த விடைக்குள் கலந்திருக்கின்றன.

புதிதாக வருபவர்கள் முதல் நாளே வண்ண வண்ணமாக ஓர் உலக வரைபடம் வரைந்துவிட ஆசைப்படுகிறார்கள். அது பத்து நிமிட வேலை. அதனால்தான் அதில் ஆபத்து. என் ஆலோசனை வேறு. முதலில் ஒரே ஒரு கோப்பு, அதில் ஒரே ஒரு புள்ளி. அந்தப் புள்ளியின் எண் எப்படி வந்தது, எங்கே ஏமாற்றும் என்று தெரிந்துகொண்ட பிறகு உலகப் படத்துக்குப் போங்கள்.

முதலில் அலகு

மொத்த ஓசோனை டாப்ஸன் அலகில் சொல்வார்கள். ஓர் இடத்துக்கு மேலே, தரையிலிருந்து வளிமண்டலத்தின் உச்சி வரை உள்ள ஓசோன் முழுவதையும் தனியாகப் பிரித்து, 0 டிகிரி செல்சியஸில், ஒரு வளிமண்டல அழுத்தத்தில் தரைமீது பரப்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் படலத்தின் தடிமன் ஒவ்வொரு 0.01 மில்லிமீட்டருக்கும் ஒரு டாப்ஸன். உலகச் சராசரி ஏறத்தாழ 300 டாப்ஸன், அதாவது 3 மில்லிமீட்டர். புறஊதாக் கதிரிலிருந்து நம்மைக் காப்பது இந்த மெல்லிய படலம்தான்.

சில எண்களை மனத்தில் பதித்துக்கொள்வது நல்லது. வெப்பமண்டலத்தில் 250 முதல் 280 வரை இருப்பது இயல்பு. வட அரைக்கோளத்தின் உயர் அட்சரேகைகளில் வசந்தகாலத்தில் 400-ஐத் தாண்டும். அண்டார்க்டிகாவில் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் 220-க்குக் கீழே இறங்கினால் அதை ஓசோன் ஓட்டை என்கிறோம். அந்த எல்லைக்குக் காரணம் உண்டு: 1979-க்கு முந்தைய பதிவுகளில் அண்டார்க்டிகாவில் 220-க்குக் குறைந்த அளவு காணப்படவில்லை. மோசமான ஆண்டுகளில் 100-ஐ ஒட்டியும் போயிருக்கிறது. உங்கள் கோப்பில் 40 என்றோ 900 என்றோ ஓர் எண் வந்தால், ஓசோனைச் சந்தேகிக்கும் முன் உங்கள் வாசிப்பைச் சந்தேகியுங்கள்.

எல்லாக் கோப்புகளும் டாப்ஸனில் இருப்பதில்லை. ஐரோப்பாவின் சென்டினல்-5பி செயற்கைக்கோளில் உள்ள ட்ரோபோமி கருவி, சதுர மீட்டருக்கு இத்தனை மோல் என்று தருகிறது. அதை 2241.15-ஆல் பெருக்க வேண்டும். கோப்பில் 0.1215 என்று இருந்தால் 272.3 டாப்ஸன். இந்தப் பெருக்கு எண் கோப்புக்குள்ளேயே, அந்த மாறியின் (கோப்பில் ஒரு பெயரிட்டு வைத்த தரவுத் தொகுதியின்) விவரக் குறிப்பில் எழுதப்பட்டிருக்கும். வெளியே தேடாமல் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒளியிலிருந்து எண் பிறக்கும் விதம்

ஓசோன் புறஊதாவைச் சீராக விழுங்குவதில்லை. 255 நானோமீட்டர் அருகே உறிஞ்சல் உச்சத்தில் இருக்கிறது. அந்த ஒளி தரையை எட்டவே எட்டாது. 310-இலிருந்து 340 நானோமீட்டருக்குப் போகும்போது உறிஞ்சல் மளமளவென்று குறைகிறது. 360-இல் ஏறக்குறைய ஒன்றுமில்லை. இந்தச் சரிவுதான் நமக்குக் கிடைத்திருக்கும் பிடிமானம். பக்கத்துப் பக்கத்து இரண்டு அலைநீளங்களில் ஒன்றை ஓசோன் நன்றாக உறிஞ்சும், மற்றொன்றைக் கொஞ்சமாக உறிஞ்சும். இரண்டின் விகிதத்தைப் பார்த்தால், மேகமும் தூசும் இரண்டையும் ஏறக்குறைய ஒரே மாதிரி பாதிப்பதால் அவை பெருமளவு அடிபட்டுப்போய், ஓசோனின் பங்கு மிஞ்சுகிறது. 1920-களில் கார்டன் டாப்ஸன் தரையிலிருந்து சூரியனைப் பார்த்து இந்த முறையில்தான் அளந்தார். செயற்கைக்கோள் அதே யோசனையை மேலிருந்து கீழே பார்த்துச் செய்கிறது.

1978-இல் ஏவப்பட்ட நிம்பஸ்-7 செயற்கைக்கோளின் டாம்ஸ் கருவி ஆறு அலைநீளங்களில் அளந்தது. அவற்றில் மூன்றைப் புரிந்துகொண்டால் போதும். 360 நானோமீட்டரில் ஓசோன் குறுக்கிடாததால், கீழே இருப்பது எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது என்பதை அது சொல்கிறது. 317.5-இல் நல்ல உறிஞ்சல், 331.2-இல் குறைவான உறிஞ்சல். இவற்றின் விகிதம் ஓசோனைத் தருகிறது. இந்த விகிதத்தை, பல்வேறு ஓசோன் அளவுகளுக்கும் சூரியக் கோணங்களுக்கும் முன்கூட்டியே கணக்கிட்டு வைத்த அட்டவணையோடு ஒப்பிட்டு விடை எடுக்கிறார்கள்.

1995-இல் போன கோம் கருவிக்குப் பிறகு, தனித்தனி அலைநீளங்களுக்குப் பதில் நிறமாலை முழுவதையும் பதிவு செய்யும் கருவிகள் வந்துவிட்டன. ஓசோனின் உறிஞ்சல் வரைகோட்டில் சின்னச் சின்ன மேடுபள்ளங்கள் உண்டு. வந்த ஒளியில் அதே மேடுபள்ளங்கள் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கின்றன என்று பொருத்திப் பார்த்து அளவைக் கண்டுபிடிக்கலாம். அப்படிக் கிடைப்பது ஒளி சாய்வாகப் பயணம் செய்த பாதை முழுவதிலும் உள்ள ஓசோன். நமக்கு வேண்டியது செங்குத்தான அளவு.

இதைக் கையாலேயே ஒருமுறை செய்து பாருங்கள். சூரியன் உச்சியிலிருந்து 60 டிகிரி சாய்ந்திருக்கிறது. கருவி 30 டிகிரி சாய்வாகப் பார்க்கிறது. ஒளி உள்ளே வரும் பாதை செங்குத்துப் பாதையைவிட 2 மடங்கு; வெளியே போகும் பாதை 1.155 மடங்கு. கூட்டினால் 3.155. சாய்வு அளவு 946 டாப்ஸன் என்றால் அதை 3.155-ஆல் வகுக்க, 300 கிடைக்கும். உண்மையான மென்பொருள் ஒளிச்சிதறலையும் ஓசோனின் உயரப் பரவலையும் சேர்த்து இதைவிட நுட்பமாகக் கணக்கிடுகிறது. ஆனாலும் சூரியன் தொடுவானத்தை நெருங்கும்போது இந்த வகுக்கும் எண் எவ்வளவு வேகமாக வளர்கிறது என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தால், உயர் அட்சரேகைக் குளிர்காலத் தரவை ஏன் தயங்கித் தயங்கித் தொட வேண்டும் என்பது தானாக விளங்கும்.

உங்கள் கேள்விக்கு எந்தக் கருவி?

இங்கே அவசரப்படாதீர்கள். கருவியைத் தேர்ந்தெடுத்துவிட்டுக் கேள்வியைத் தேடுவது தலைகீழான வழி.

இன்றைய நிலையை நுணுக்கமாகப் பார்க்க வேண்டுமானால் ட்ரோபோமி. 2017 அக்டோபரில் ஏவப்பட்டது. ஏறத்தாழ 2,600 கிலோமீட்டர் அகலப் பட்டையை ஒரே வீச்சில் பார்க்கும். நேர் கீழே ஒரு புள்ளி 5.5-க்கு 3.5 கிலோமீட்டர். உள்ளூர் நேரம் பிற்பகல் 1.30 வாக்கில் கடந்துபோகும். பல ஆண்டுகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டுமானால் 2004-இல் ஆரா செயற்கைக்கோளில் போன ஓஎம்ஐ, 2011-இலிருந்து சுவோமி என்பிபியிலும் பின்னர் வந்த நோவா செயற்கைக்கோள்களிலும் உள்ள ஓஎம்பிஎஸ், அவற்றுக்கு முன் டாம்ஸ்.

ஓசோன் எந்த உயரத்தில் எவ்வளவு என்பது கேள்வியானால், கீழ்நோக்கிப் பார்க்கும் கருவி போதாது. வளிமண்டலத்தின் விளிம்பைப் பக்கவாட்டில் பார்க்கும் கருவி வேண்டும். ஆராவில் உள்ள எம்எல்எஸ், ஓசோன் தானே வெளியிடும் நுண்ணலையைப் பிடிக்கிறது; சூரியன் தேவையில்லை, துருவ இரவிலும் வேலை செய்யும். சர்வதேச விண்வெளி நிலையத்தில் 2017-இலிருந்து உள்ள சேஜ்-3, சூரியன் உதிக்கும்போதும் மறையும்போதும் காற்றின் விளிம்பு வழியாகச் சூரியனையே பார்க்கிறது. உயரத்தை மிகத் துல்லியமாகப் பிரித்துக் காட்டும். ஆனால் ஒரு நாளைக்கு முப்பது இடங்கள் அளவுக்குத்தான் கிடைக்கும்.

ஒரே பகுதியை மணிக்கணக்கில் தொடர்ந்து பார்க்க, 2020-இல் ஏவப்பட்ட ஜெம்ஸ் ஆசியாவுக்கு மேலும், 2023-இல் போன டெம்போ வட அமெரிக்காவுக்கு மேலும் புவிநிலைப் பாதையில் நிற்கின்றன.

இனி, நான் அழுத்திச் சொல்ல விரும்பும் எச்சரிக்கை. நகரத்துக் காற்று மாசில் வரும் தரைமட்ட ஓசோனை மொத்த ஓசோன் வரைபடத்தில் தேடாதீர்கள். மொத்தத்தில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு மேலே ஸ்ட்ராட்டோஸ்பியர் என்ற மேலடுக்கில் இருக்கிறது. கீழடுக்கு முழுவதும் சேர்த்தே 30 டாப்ஸன் அளவுதான். நாம் மூச்சுவிடும் காற்று அதிலும் சிறு பகுதி. போதாக்குறைக்கு, தரையை ஒட்டிய ஓசோனைப் புறஊதாக் கருவி மங்கலாகத்தான் உணர்கிறது. மொத்த அளவிலிருந்து எம்எல்எஸ் தரும் மேலடுக்கு அளவைக் கழித்துக் கீழடுக்கை எடுக்கும் வழி உண்டு. அதன் கணக்கைப் பாருங்கள்: 280-இலிருந்து 250 போனால் 30. மொத்தத்தில் 2 சதவீதப் பிழை இருந்தால் அது 5.6 டாப்ஸன். 30-இல் 5.6 என்பது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. அதனால் மாதச் சராசரிக்கும் பெரும் பரப்புக்கும் இந்த வழி உதவும். ஒரு நாள் ஒரு நகரம் என்று கேட்டால் கைவிட்டுவிடும்.

கோப்பைத் திறந்து ஒரு புள்ளியைப் படித்தல்

நாசாவின் எர்த்டேட்டா தளத்தில் இலவசக் கணக்கு ஒன்று தொடங்கிக்கொள்ளுங்கள். டாம்ஸ், ஓஎம்ஐ, ஓஎம்பிஎஸ், எம்எல்எஸ் எல்லாம் அங்கே கிடைக்கும். ட்ரோபோமிக்குக் கோபர்னிகஸ் தரவுத் தளத்திலும் கணக்கு திறக்கலாம். எதையும் தரவிறக்காமல் உலவியிலேயே பார்க்க நாசாவின் ஜியோவானி வசதியாக இருக்கும்.

தரவு பல நிலைகளில் வரும். முதல் நிலை வெறும் ஒளி அளவு; இப்போதைக்கு அதைத் தொட வேண்டாம். இரண்டாம் நிலையில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓசோன் அளவு, செயற்கைக்கோள் பார்த்த வரிசையிலேயே இருக்கும். மூன்றாம் நிலை அவற்றைச் சம கட்டங்களில் சராசரியாக்கியது. பலர் மூன்றாம் நிலையிலிருந்து தொடங்கச் சொல்வார்கள். நான் இரண்டாம் நிலையின் ஒரு சுற்றுக் கோப்பிலிருந்து தொடங்கச் சொல்வேன். கட்டமாக்கும்போது கோணமும் மேகமும், அந்தப் புள்ளியை எவ்வளவு நம்பலாம் என்று சொல்லும் தரக் குறியும் பெரும்பாலும் கண்ணிலிருந்து மறைந்துவிடுகின்றன. நீங்கள் முதலில் பழக வேண்டியவை அவைதான்.

ட்ரோபோமியில் ஒரே நாளுக்கு உடனடிக் கோப்பு, பின்னர் நிதானமாகத் தயாரித்த கோப்பு, சில ஆண்டுகள் கழித்து மறுபடி கணக்கிட்ட கோப்பு என்று வெவ்வேறு வகைகள் இருக்கும். ஆய்வுக்குப் பின்னிரண்டையும் எடுங்கள். கோப்பின் பெயரில் உள்ள பதிப்பு எண்ணைக் கட்டாயம் குறித்துவையுங்கள். பாதி ஆண்டு ஒரு பதிப்பு, மீதி ஆண்டு வேறு பதிப்பு என்று கலந்தால், நடுவில் தெரியும் தாவல் இயற்கையினுடையதாக இருக்காது.

கோப்பு நெட்சிடிஎஃப் வடிவில் இருக்கும். பானோப்ளி என்ற இலவச மென்பொருள் அதைத் திறந்து காட்டும். பைத்தான் நிரல்மொழி தெரிந்தால் அதன் எக்ஸ்அரே (xarray) நிரல் தொகுப்பு போதும். ட்ரோபோமியில் மாறிகள் 'ப்ராடக்ட்' என்ற குழுவுக்குள் இருப்பதால், குழுவின் பெயரைச் சொல்லித் திறக்க வேண்டும். இல்லையென்றால் கோப்பு காலியாக இருப்பதுபோல் தோன்றும்.

இப்போது நடுவிலிருந்து ஏதாவது ஒரு புள்ளியை எடுத்து, அதைப் பற்றிய எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். அட்சரேகை, தீர்க்கரேகை, நேரம், சூரியக் கோணம், பார்வைக் கோணம், மேகம் எத்தனை பங்கு, மேகத்தின் உச்சி எந்த அழுத்தத்தில், ஓசோன் அளவு, அதன் பிழை, தர எண். அலுப்பான வேலைதான். ஆனால் இதற்கு ஈடான பயிற்சி வேறில்லை. அடுத்து மேகம் நிறைந்த ஒரு புள்ளியையும், பட்டையின் ஓரத்தில் உள்ள ஒரு புள்ளியையும் எடுத்து இதையே செய்யுங்கள்.

மேகப் புள்ளியில் ஒன்றைக் கவனிப்பீர்கள். புறஊதா, தடித்த மேகத்தை ஊடுருவாது. மேகத்துக்குக் கீழே உள்ள ஓசோனைக் கருவி காணவில்லை. அந்தப் பங்கைப் பல ஆண்டுச் சராசரியிலிருந்து எடுத்துச் சேர்த்துத்தான் மொத்தத்தைச் சொல்கிறார்கள். எண் பொய்யில்லை, ஆனால் அதன் ஒரு பகுதி அன்று அளந்ததில்லை.

வடிகட்டுதல்

அளவு இல்லாத இடத்தில் ஒரு நிரப்பு எண்ணைப் போட்டுவைப்பார்கள். ட்ரோபோமியில் அது 9.969-ஐ 10-இன் 36-ஆம் அடுக்கால் பெருக்கிய எண். ஓஎம்ஐயில் கழித்தல் 1.2676506-ஐ 10-இன் 30-ஆம் அடுக்கால் பெருக்கிய எண். இவை கண்ணில் படும். பழைய டாம்ஸ் உரைக்கோப்புகளில் போட்டிருப்பதோ வெறும் 0. அதை எண்ணாக எடுத்துச் சராசரி போட்டால் ஓசோன் சரிந்துவிட்டதுபோல் ஒரு படம் வரும். யாருக்கும் சந்தேகமும் வராது.

ட்ரோபோமியில் தர எண் 0.5-க்கு மேல் உள்ள புள்ளிகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஓஎம்ஐயில் 2007-இலிருந்து வேறொரு தொல்லை: கருவிக்கு வெளியே ஏதோ ஒன்று பார்வையின் ஒரு பகுதியை மறைக்கிறது. பாதிக்கப்பட்ட வரிசைகளுக்குக் கோப்பிலேயே குறி உண்டு. அவற்றை நீக்கினால் படத்தில் வரிவரியாக இடைவெளி விழும். அழகுக்காக அந்த இடைவெளியை நிரப்பிவிடாதீர்கள். எரிமலை வெடித்த நாள்களில் கந்தக டை ஆக்சைடும் இதே அலைநீளங்களில் உறிஞ்சுவதால், அந்தப் பகுதியில் ஓசோன் கூடியதுபோல் தெரியலாம்.

வடிகட்டியதைத் தூக்கி எறியாதீர்கள் என்பதற்கு இந்தத் துறையிலேயே பெரிய பாடம் இருக்கிறது. 1985 மே மாதம், அண்டார்க்டிகாவின் ஹாலி விரிகுடா நிலையத்தின் தரை அளவீடுகளை வைத்து ஃபார்மன், கார்டினர், ஷாங்க்லின் மூவரும் வசந்தகால ஓசோன் சரிவை அறிவித்தார்கள். அதே சரிவு டாம்ஸ் தரவிலும் இருந்தது. 180 டாப்ஸனுக்குக் கீழான அளவுகளைச் சந்தேகத்துக்குரியவை என்று மென்பொருள் தனியாகக் குறித்துவைத்திருந்தது. அவற்றைக் கணினி அழித்துவிட்டதாக இன்றும் சிலர் எழுதுகிறார்கள், அது தவறு. தரவு பத்திரமாக இருந்தது. அதனால்தான் அந்தச் சரிவு ஒரு நிலையத்தோடு நிற்கவில்லை, கண்டம் முழுவதும் பரவியிருக்கிறது என்று செயற்கைக்கோளால் காட்ட முடிந்தது. நீங்களும் நீக்கிய புள்ளிகளைத் தனி வரைபடமாகப் போட்டுப் பாருங்கள். அங்கொன்று இங்கொன்றாகச் சிதறியிருந்தால் சரி. ஒரே இடத்தில், ஒரே காலத்தில் குவிந்திருந்தால் நிறுத்திக் காரணம் தேடுங்கள்.

தரையோடு ஒப்பிடுதல்

டாப்ஸன், ப்ரூவர் கருவிகள் தரையிலிருந்து தினமும் அளக்கின்றன. கனடாவிலுள்ள உலக ஓசோன், புறஊதாத் தரவு மையம் அவற்றைச் சேர்த்து வழங்குகிறது. ஒரு நிலையத்தைத் தேர்ந்தெடுத்து, ஓர் ஆண்டுக்கு, அதே நாளில் நிலையத்தைச் சுற்றி 50 கிலோமீட்டருக்குள் விழுந்த ட்ரோபோமிப் புள்ளிகளோடு ஒப்பிடுங்கள். வேறுபாட்டைச் சதவீதத்தில் எழுதுங்கள். ஓரிரு சதவீதத்துக்குள் வந்தால் நன்றாகச் செய்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

வராவிட்டால் வேறுபாட்டின் வடிவத்தைப் பாருங்கள். ஆண்டு முழுவதும் ஒரே அளவில் தள்ளி நின்றால் அலகையோ பதிப்பையோ பாருங்கள். மலையுச்சி நிலையம் என்றால் அதற்குக் கீழே உள்ள காற்று தரைக்கருவியின் கணக்கில் வராது. குளிர்காலத்தில் மட்டும் விலகினால் சூரியக் கோணம். மேகமான நாள்களில் மட்டும் என்றால் மேலே சொன்ன நிரப்பிய பங்கு. நடு அட்சரேகைகளில் நான்கைந்து நாளுக்குள் 50 டாப்ஸன் ஏறி இறங்கினால் பதற வேண்டாம்; உயரத்தில் காற்றழுத்த மண்டலங்கள் நகரும்போது ஓசோனும் கூடவே நகர்கிறது. தரைநிலையத்திலும் அதே ஏற்ற இறக்கம் தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள்.

பல ஆண்டுப் போக்கைக் கணக்கிட ஆசை வரும். கொஞ்சம் பொறுங்கள். விண்ணில் கருவிகள் மெதுவாக மங்குகின்றன. மேல் ஸ்ட்ராட்டோஸ்பியரில் ஓசோன் மீண்டுவரும் வேகமே பத்தாண்டுக்கு இரண்டு சதவீதம் அளவுதான். கருவியின் மங்கல் அதை எளிதில் விழுங்கிவிடும். டாம்ஸ் தொடரிலேயே 1994 இறுதிக்கும் 1996 நடுப்பகுதிக்கும் இடையே வெற்றிடம் உண்டு. ஆகவே, பல செயற்கைக்கோள்களை நிபுணர்கள் சீர்செய்து இணைத்த தொகுப்பையே முதலில் பயன்படுத்துங்கள்.

இப்போது வரைபடம்

இவ்வளவுக்குப் பிறகு வரைபடத்துக்கு வாருங்கள். முதல் பயிற்சிக்கு ஓசோன் ஓட்டையின் பரப்பைக் கணக்கிடுவது ஏற்றது. ஓஎம்ஐ அல்லது ஓஎம்பிஎஸ்ஸின் மூன்றாம் நிலைக் கோப்பில் செப்டம்பர் கடைசி வாரத்து நாள் ஒன்றை எடுத்து, தெற்கே 220-க்குக் குறைந்த கட்டங்களை மட்டும் கூட்டுங்கள். ஆகஸ்டில் துருவத்தருகே சூரியன் இல்லாததால் அளவே இருக்காது. அந்தக் காலியிடத்தை ஓட்டையில் சேர்த்துவிடாதீர்கள்.

ஒரு டிகிரிக் கட்டம் நிலநடுக்கோட்டில் ஏறத்தாழ 12,300 சதுர கிலோமீட்டர். 60 டிகிரியில் அதில் பாதி. 80 டிகிரியில் ஏறத்தாழ 2,150 மட்டுமே. ஒவ்வொரு கட்டத்தையும் அதன் அட்சரேகையின் கொசைனால் பெருக்கிய பிறகே கூட்ட வேண்டும். ஓட்டை 65 டிகிரி வரை துருவத்தைச் சுற்றி முழு வட்டமாக இருந்தால் சரியான விடை 2.4 கோடி சதுர கிலோமீட்டர். கொசைனை மறந்தால் 11 கோடி வரும். உங்கள் விடையை நாசாவின் ஓசோன் கண்காணிப்புப் பக்கத்தில் அதே நாளுக்கு உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். சிறிய வேறுபாட்டுக்குக் கருவியும் பதிப்பும் காரணமாக இருக்கலாம். நான்கைந்து மடங்கு தள்ளி நின்றால் கொசைன் வரியைத் திறந்து பாருங்கள்.